ஆண்டிபட்டி தொகுதி சுவர் வரைபடம்: 450 ரூபாய்க்கு வாங்கலாமா?

ஐந்துக்கு மூன்று போடுகிறேன். காகிதத்துக்கும் அச்சுக்கும் நாலரை கொடுக்கலாம். உள்ளே இருக்கும் விஷயத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

நான் இலவம் பஞ்சு வியாபாரி. குடோன் கடமலைக்குண்டில் இருக்கிறது. மரத்தைக் காய்ப்புக்கு முன்பே குத்தகை பேசி, காய் வெடிக்கும் பருவத்தில் ஆள் விட்டு உதிர்த்து, உடைத்து, கொட்டை வேறு பஞ்சு வேறாக்கி மெத்தைக் கடைகளுக்கு ஏற்றிவிடுவது தொழில். அதனால் கண்டமனூரிலிருந்து வாலிப்பாறை வரை எந்த ஊரில் யார் தோட்டம், எந்தப் பாதையில் மினி லாரி போகும், எது மழைக்கு அறுந்துபோகும் என்பதெல்லாம் அத்துப்படி. வேலைக்கு வரும் பையன்களுக்குத்தான் தெரிவதில்லை. போனில் வழி பார்த்தால் மாட்டு வண்டித் தடத்தையும் ரோடு என்று காட்டிவிடுகிறது. சுவரில் ஒரு பெரிய படம் இருந்தால் விரல் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமே என்று தேனியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் இதை வாங்கினேன். எங்கள் சட்டமன்றத் தொகுதியின் வரைபடம் மேலே, தேர்தல் வரலாறு அட்டவணையாகக் கீழே. பதிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. படம் போட முன்வந்ததே பெரிய விஷயம்.

முதலில் பொருளைப் பற்றி. மூன்றடி அகலம், நாலடி உயரம். இரண்டு பக்கமும் லேமினேஷன் உண்டு. மேலும் கீழும் பிளாஸ்டிக் பைப், மாட்ட ஒரு கயிறு. எழுத்து பெரிது, கண்ணாடி போடாமலே படிக்கலாம். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டியும் சாயம் வெளுக்கவில்லை. ஒரே தொல்லை, இலவம் பஞ்சு அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. சாயங்காலம் பார்த்தால் வைகை அணையில் பனி பெய்த மாதிரி இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். மற்ற கடைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது.

இப்போது படத்துக்குள் போவோம்.

தொகுதி எண் 198. தேனி மாவட்டத்தில் இருக்கும் நாலு தொகுதிகளில் இதுதான் எண்ணில் முதல். அடுத்தவை பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம். தேனி என்ற பெயரில் முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது காணாமல் போய்விட்டது. இப்போது மாவட்டத்துக்கும் நாடாளுமன்றத் தொகுதிக்கும் மட்டும்தான் அந்தப் பெயர். இதைப் படத்தின் ஓரத்தில் சின்னக் குறிப்பாகப் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலை.

வடகிழக்கு மூலையை ரொம்ப அக்கறையாக வரைந்திருக்கிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து கணவாய் ஏறி இறங்கி வரும் நெடுஞ்சாலை, தொண்டியையும் கொச்சியையும் இணைக்கிற அந்த 85ஆம் எண் சாலை, தடித்த சிவப்பில் ஓடுகிறது. ஆண்டிபட்டி ஊருக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டு பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பூ மார்க்கெட் என்று எல்லாம் குறித்திருக்கிறார்கள். நெசவுக்குப் பேர் போன சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் சரியான இடத்தில் இருக்கின்றன. மதுரை–போடி ரயில் பாதையும் உண்டு. மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையில் தேனி வரை வண்டி வர 2022 மே மாதம் ஆகிவிட்டது. இடையில் நடந்த எல்லாத் தேர்தலிலும் அந்த ரயில் மேடைக்கு மேடை ஓடியது.

க.விலக்கு வரை படம் நன்றாகவே இருக்கிறது. அங்கேதான் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்கிருந்து தெற்கே திரும்பினால்தான் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு, தும்மக்குண்டு, வாலிப்பாறை என்று பள்ளத்தாக்கு நீள்கிறது. கிழக்கே ஆண்டிபட்டி மலை, மேற்கே மேகமலைத் தொடர், நடுவில் மூல வைகை. தொகுதியின் உடம்பே இதுதான். ஆனால் இந்தப் படத்தில் கடமலைக்குண்டைத் தாண்டியதும் ஒரே பச்சை. வருசநாட்டுக்கு ஒரு புள்ளி, மயிலாடும்பாறைக்கு ஒரு புள்ளி, நடுவில் ஊர்களே இல்லாத மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஆண்டிபட்டி ஒன்றியத்தில் 30 ஊராட்சி, கடமலை–மயிலை ஒன்றியத்தில் 18. அந்தப் பதினெட்டில் பாதிக்கு மேல் படத்தில் பெயர் இல்லை. காய் உடைக்க வரும் சிங்கராஜபுரத்து அக்கா ஒருவர் வந்த முதல் நாளே படத்துக்கு முன்னால் நின்று தேடினார். “என்னண்ணே, எங்க ஊரைக் காட்டுக்குள்ள சேர்த்துட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கேட்டதில் விளையாட்டு பாதிதான். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்த பிறகு இந்தப் பக்கம் எது காடு, எது பட்டா, எங்கே மாடு மேய்க்கலாம் என்பதுதான் அன்றாடப் பேச்சு. அப்படிப்பட்ட இடத்தில் ஊரையெல்லாம் விழுங்கிப் பச்சை அடித்து வைத்தால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? காப்பக எல்லையைப் புள்ளிக் கோட்டில் போட்டு, ஊர்களைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் ஆறு. வைகையை வருசநாட்டு மலையிலிருந்து அணை வரை ஒரே சீரான நீலத்தில் வரைந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். மூல வைகையில் மழைக் காலத்தில் சில வாரம் தண்ணீர் கரைபுரளும், மற்ற நாளில் மணல்தான். அணைக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து குன்னூர் பக்கம் வைகையில் சேர்கிறது. அதாவது, வைகை பிறக்கிற தொகுதி இது, அணை இருக்கிற தொகுதியும் இது. ஆனால் அணையில் நிற்கிற தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது. எங்கள் பள்ளத்தாக்கு அணைக்கு மேலே இருப்பதால் ஒரு சொட்டும் திரும்பி ஏறாது. மேலேயே ஒரு அணை கட்டித் தேக்குங்கள் என்று இங்கே கேட்காத தேர்தல் கிடையாது.

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி என்று படத்தில் சரியாகப் போட்டிருக்கிறார்கள். 1959இல் திறந்தது என்பதும் இருக்கிறது. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பதையும் ஓரத்தில் அச்சிட்டிருந்தால் கரையோரத்துக்காரர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். 58 கிராமக் கால்வாயை அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போகிற மாதிரி காட்டியிருக்கிறார்கள், அது சரி.

மேற்கு ஓரத்துக்கு வருவோம். உத்தமபாளையம் வட்டத்தில் ஒரு பகுதியும் ஹைவேவிஸ் பேரூராட்சியும் ஆண்டிபட்டி தொகுதியில்தான் இருக்கின்றன. மணலார், இரவங்கலார் என்று மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் நம் கணக்கு. படத்தில் பார்த்தால் வருசநாட்டிலிருந்து ஒரு எட்டு வைத்தால் மேகமலை என்று தோன்றும். மலையைத் தாண்ட ரோடு கிடையாது. மேகமலைக்குப் போக வேண்டுமானால் தொகுதியை விட்டு வெளியே போய், கம்பம் தொகுதியில் இருக்கும் சின்னமனூருக்குப் போய், அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவனுக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. ஓட்டுக் கேட்டுப் போகிற வேட்பாளருக்கும் இதே சுற்றுதான். அந்தச் சுற்றுவழியை ஒரு அம்புக்குறியாவது போட்டுக் காட்டாமல் விட்டது பெரிய குறை.

ஒரு பாராட்டையும் சொல்லிவிடுகிறேன். மயிலாடும்பாறையிலிருந்து மல்லப்புரம் போகும் மலைச்சாலையைக் குறித்திருக்கிறார்கள். போனில் பார்த்தால் குழப்புகிற வழி அது. தெப்பம்பட்டி மாவூற்று வேலப்பர் கோயில், கோம்பைத்தொழு சின்னச் சுருளி அருவி இரண்டும் இருக்கின்றன. அருவிக்குக் குளிக்க வரும் கூட்டம் குடோனுக்கு வந்து வழி கேட்டால் இனி படத்தைக் காட்டிவிடலாம்.

கீழே இருக்கும் தேர்தல் அட்டவணைக்காகத்தான் இதைப் பலரும் வாங்குவார்கள். ‘வி.ஐ.பி. தொகுதி’ என்று தங்க நிறத்தில் தலைப்பு. எம்.ஜி.ஆர். படமும் ஜெயலலிதா படமும் இரண்டு பக்கம். நடுவில் ஆண்டு, வென்றவர், கட்சி. மூன்றே பத்தி. இந்த மூன்று பத்திக்குள் ஆண்டிபட்டியின் கதையை அடைக்க முடியாது என்பதுதான் என் சண்டை.

1980இல் எஸ்.எஸ்.ராஜேந்திரன், அ.தி.மு.க. சரி. அவர் சேடபட்டிக்காரர், ஆண்டிபட்டி மலைக்கு அந்தப் பக்கம். 1962இல் தேனியில் தி.மு.க. சார்பில் ஜெயித்தவர், 18 வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். கட்சியில் நின்று இங்கே ஜெயித்தார். அட்டவணையில் அவருக்குப் படம் இல்லை. லட்சிய நடிகருக்கு ஒரு சின்னப் படமாவது வைத்திருக்கலாம்.

1984 வரிசையில் வெறுமனே ‘எம்.ஜி.ராமச்சந்திரன்’ என்று இருக்கிறது. அந்தத் தேர்தலில் அவர் தொகுதிப் பக்கமே வரவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேட்புமனுவில் கையெழுத்து அங்கிருந்துதான் வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் சாப்பிடுவதையும் பேப்பர் பார்ப்பதையும் படம் பிடித்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். டிசம்பர் 24 வாக்குப்பதிவு. 32,484 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தலைவர் பிழைப்பாரா என்ற கவலையில் போட்ட ஓட்டு அது என்று இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இவ்வளவையும் விட்டுவிட்டு ஆண்டும் பெயரும் மட்டும் போட்டால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்?

1989 வரிசை இன்னும் மோசம். பி.ஆசையன், தி.மு.க., முடிந்தது. யாரைத் தோற்கடித்தார் என்பதல்லவா விஷயம்! எம்.ஜி.ஆர். இறந்து கட்சி இரண்டாக உடைந்த நேரம். கணவரின் தொகுதி என்று ஜானகி அம்மாள் இங்கே வந்து நின்றார், தோற்றார். அதே தேர்தலில் பக்கத்துப் போடியில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா ஜெயித்தார். அந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்குப் பிறகு அந்தக் கட்சியில் நடந்தது விளங்கும். தோற்றவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் போதும், அட்டவணைக்கு உயிர் வந்திருக்கும். எம்.ஜி.ஆருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எம்.ஜி.ஆர். வீட்டுக்காரம்மாவுக்குப் போடவில்லை என்பது, ‘இது இன்னார் கோட்டை’ என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டியது.

1991இல் கே.தவசி, 1996இல் மறுபடி ஆசையன். இவை சரியாக இருக்கின்றன.

2001, 2002 இரண்டையும் ஒரே வரியில் ‘ஜெ.ஜெயலலிதா’ என்று சேர்த்துவிட்டார்கள். இது சுத்தத் தவறு. 2001இல் அவர் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நாலு இடத்தில் மனுப் போட்டு, நாலும் தள்ளுபடி ஆயின. ஆண்டிபட்டியில் ஜெயித்தது தங்க தமிழ்ச்செல்வன். எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரான ஜெயலலிதா, செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தார். பக்கத்துப் பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில், தண்டனை வாங்கித் தந்திருந்த டான்சி நில வழக்கில் விடுதலை வந்ததும் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்தார். 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல். தி.மு.க.வின் வைகை சேகரை 41,201 ஓட்டில் ஜெயித்து, அடுத்த மாதமே ஜெயலலிதா மறுபடி முதல்வர். இதில் எதுவுமே அட்டவணையில் இல்லை. ராஜினாமா செய்தவர் பெயரே அழிந்துபோய்விட்டது. தங்க தமிழ்ச்செல்வனைப் பிடித்தவர்களும் சரி, பிடிக்காதவர்களும் சரி, இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2006இல் ஜெயலலிதா மறுபடி ஜெயித்தார். வித்தியாசம் 25,186ஆகக் குறைந்திருந்தது, ஆட்சியும் போனது. 2011இல் ஸ்ரீரங்கத்துக்குப் போய்விட்டார். முதல்வர் தொகுதியாக இருந்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டால், 2004இல் வந்த மருத்துவக் கல்லூரியைக் கைகாட்டுவார்கள். அது நிஜமாகவே பெரிய விஷயம்தான். காய் உதிர்க்க மரம் ஏறிக் கை கால் முறிந்தவர்களை முன்பு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அடுத்த ஓட்டை 2017. தினகரன் பக்கம் நின்ற 18 எம்.எல்.ஏ.க்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தது அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி. 2016இல் இங்கே ஜெயித்த தங்க தமிழ்ச்செல்வனும் அதில் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்று தீர்ப்பு வந்து, 2019 மே மாதம்தான் புது எம்.எல்.ஏ. வந்தார். ஏறக்குறைய 20 மாதம் தொகுதிக்கு ஆளே இல்லை. அட்டவணையிலோ 2016க்கு அடுத்து 2019, நடுவில் ஒரு கோடு. அந்த இடத்தில் ‘காலி’ என்று ஒரு வார்த்தை அச்சடிக்க எவ்வளவு மை ஆகியிருக்கும்?

2019 இடைத்தேர்தல் என்றால் இங்கே எல்லாருக்கும் ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆண்டிபட்டியில் வருமான வரித்துறை சோதனைக்குப் போய், தகராறாகி, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது, 1.48 கோடி ரூபாய் பிடிபட்டது. இன்னொன்று அண்ணன் தம்பி போட்டி. தி.மு.க.வில் மகாராஜன், அ.தி.மு.க.வில் லோகிராஜன், கூடப்பிறந்தவர்கள். மகாராஜன் 12,323 ஓட்டில் ஜெயித்தார். 2021இல் மறுபடி அதே இருவர், மறுபடி மகாராஜன், வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சம். குடோனில் அந்தத் தேர்தல் நாட்களில் நடந்த விவாதமே தனி. “அவங்க வீட்டு ஓட்டு யாருக்குப் போகும்?” என்பதுதான் எல்லாரும் கேட்ட கேள்வி.

அதே 2019 ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் பதிவு நடந்தது. தமிழ்நாட்டிலேயே தி.மு.க. கூட்டணிக்குக் கிடைக்காமல் போன ஒரே தொகுதி தேனி. ஓ.பன்னீர்செல்வம் மகன் ரவீந்திரநாத் ஜெயித்தார். அந்தத் தொகுதிக்குள் இருக்கிற ஆண்டிபட்டி சட்டமன்றத்துக்கோ தி.மு.க. வந்தது. 2024இல் பார்த்தால் தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க. வேட்பாளராகத் தேனியில் நின்று தினகரனையே தோற்கடித்து எம்.பி. ஆனார். சட்டமன்ற வரைபடத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்று பதிப்பாளர் சொல்லலாம். தங்க நிறத் தலைப்பைப் பாதியாக்கினால் இடம் கிடைக்கும்.

மொத்தத்தில் படம் போட்டவர் கணவாய் இறங்கி, ஆண்டிபட்டியில் டீ குடித்து, அணையைப் பார்த்துவிட்டு, அப்படியே தேனிக்குப் போய்விட்டார் என்று தோன்றுகிறது. தலைவர்களைப் பார்க்க வந்தவருக்கு ஊர் தெரியவில்லை. ஓட்டு எண்ணும்போது கடமலை–மயிலைப் பெட்டி திறந்தால்தான் முடிவு தெரியும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பெருமை கலந்த பேச்சுதான் அது. இருந்தாலும் அந்தப் பெட்டியெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று இந்தப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

யார் வாங்கலாம்? ஆண்டிபட்டி, க.விலக்கு வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்கள், கூரியர், கேஸ் ஏஜென்சிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். பள்ளிக்கூடத்துக்கு வாங்கினால் 2001, 2002 வரியைப் பேனாவால் திருத்திவிட்டு மாட்டவும். கண்டமனூருக்குத் தெற்கே தொழில் செய்கிறவர்களுக்கு இதனால் பிரயோஜனம் குறைவு. நான் மார்க்கர் பேனாவால் விட்டுப்போன ஊர்களை எழுதிக்கொண்டு வருகிறேன், லேமினேஷன் மேல் நன்றாகவே நிற்கிறது, பஞ்சு துடைக்கும்போது மட்டும் பார்த்துத் துடைக்க வேண்டும். லேமினேஷன் இல்லாமல் மடித்த பிரதி ஒன்றும் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்காதீர்கள். நடு மடிப்பு சரியாகக் கடமலைக்குண்டு மேல் விழுகிறது, நாலு தடவை பிரித்தால் ஊர் கிழிந்துவிடும்.